தட்டுகளுக்கு நடுவே ஓடிய தீ

1. காலையில் ஒரு கஸ்டமர் அனுப்பிய துளைத் தட்டுகள் வந்தன. அவர்கள் ஆலையின் குழாய்க்குள் இருப்பவை. அவற்றை வைத்துத் தீ எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார்கள்.

2. அருள் அண்ணன் தட்டுகளை எங்கள் டெஸ்ட் குழாய்க்குள் வரிசையாக மாட்டினார். எரிவாயுவும் காற்றும் நிரப்பி, ஃபேன் போட்டுக் கலந்தோம்.

3. ஃபேனை நிறுத்திவிட்டு, கலவை அசைவில்லாமல் அடங்கும்வரை காத்திருந்தோம்.

4. அவர் பட்டனை அழுத்தினார்.

5. குழாயின் கடைசி முனையிலிருந்த மூடி பிய்ந்து, அவருக்கு முன்னால் நிறுத்தியிருந்த தடுப்புத் தகட்டில் மோதியது. தகடு மடங்கி அவர் தலைமேல் விழுந்தது. இரண்டு காதிலும் ரத்தம்.

வைட்ஃபீல்டில் எங்கள் லேப் ஒரு தகரக் கொட்டகை. ஆலைகளில் வாயு பற்றினால் தீ எப்படிப் பரவும் என்று சோதித்துச் சொல்வது எங்கள் தொழில். அருள் அண்ணன் டெஸ்ட் இன்ஜினியர், நான் டேட்டா பார்ப்பவள். அவர் பழைய தங்கச் சுரங்க ஊரான கே.ஜி.எஃப்-இலிருந்து தினமும் ரயிலில் வருவார்.

சுழன்றுகொண்டிருக்கும் வாயுவில் தீ வேகமாக ஓடும். அதனால் பற்றவைக்கும் முன் ஒரு கேள்வி கேட்பது எங்கள் வழக்கம். அன்றும் அண்ணன் கேட்டார்.

"இன்னா மேடம், காத்து தூங்கிடுச்சா?"

"தூங்கிடுச்சுண்ணா. குறட்டையே விடுது."

"உன்ன மாதிரியா?" என்று சிரித்துவிட்டுத்தான் அழுத்தினார்.

பதிவான வேகம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. மேனேஜர் கிரீஷ் உடனே முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஆப்பரேட்டர் சரியா வெயிட் பண்ணலைன்னு ரிப்போர்ட்ல ஒரு லைன் எழுதும்மா. சும்னே, சும்மா எதுக்கு இழுக்கற?"

"வெயிட் பண்ணினோம் சார். நானும் அங்கதான் இருந்தேன்."

"நீ அவன் ஃப்ரெண்டு. அப்படித்தான் சொல்லுவ."

அந்த ஒரு வரி ஏறினால், பதினோரு வருஷமாக ஒழுங்காக வேலை பார்த்தவரின் பெயரில் அது நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அவரும் அதை நம்பிவிடுவார் என்பதுதான் எனக்கு அதிகப் பயம். திரும்பச் சோதிக்க அனுமதி கேட்டேன். கிரீஷ் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பற்றவைக்கும் ஒயரை வெளி முற்றம்வரை நீட்டி, உள்ளே ஆளில்லாமல், வாயுவைக் குறைத்து ஓட்டினோம். தட்டில்லாத குழாயில் தீ நிதானமாகப் போனது. தட்டுகளை மாட்டி, வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம் காத்திருந்து பற்றவைத்தோம். தீ பாய்ந்தது.

குழாயின் கண்ணாடிப் பக்கத்தில் வைத்த கேமராவில் காரணம் தெரிந்தது. முதல் தட்டுவரை தீயின் முகப்பு கட்டைவிரல் நுனிபோல வழவழப்பாக வருகிறது. எரிந்த வாயு விரிந்து, முன்னாலிருக்கும் எரியாத வாயுவைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட வாயு தட்டின் துளைகளில் நுழைந்து சுழல்கிறது. பின்னால் வரும் தீ அந்தச் சுழலுக்குள் போய்க் கந்தலாகிறது. கந்தலானால் எரியும் பரப்பு கூடும், எரிப்பு கூடும், தள்ளுவதும் கூடும். ஒவ்வொரு தட்டிலும் இதே கதை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. அடங்கிக் கிடந்த வாயுவைத் தீயே கலக்கிவிடுகிறது.

கிரீஷ் வீடியோவை மூன்று தடவை பார்த்தார். "சரி, அந்த லைன் வேணாம்" என்றார்.

லேப்டாப்போடு கே.ஜி.எஃப். போய் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அருள் அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா, "இந்தப் பக்கம் உக்காரும்மா, இந்தக் காதுலதான் கொஞ்சம் வுழுது" என்று அவருக்கு இடப்பக்கம் என்னை உட்கார வைத்தார். அண்ணன் வீடியோவைப் பார்த்தார்.

"உங்க தப்பு இல்லண்ணா" என்று கத்திச் சொன்னேன். அந்த வீட்டில் அதைக் கத்த வேண்டியிருந்தது.

"புரியுது. ஆனா தட்ட மாட்டும்போது, இன்னாடா இவ்ளோ நெருக்கமா கீதுன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. யாரையும் கேக்கல."

"கேட்டிருந்தாலும் எங்க யாருக்கும் பதில் தெரிஞ்சிருக்காதுண்ணா."

அவருக்கு அது காதில் விழவில்லை. ஸ்டெல்லா அக்கா லேப்டாப்பை மெல்ல மூடினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பற்றவைக்கும் முன் வாயு அசையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். தீ போகும் வழியில் என்னென்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

இன்றைய நிலை இது. ரிப்போர்ட்டில் ஆப்பரேட்டர் மேல் குற்றம் இல்லை. தட்டுகளைக் கஸ்டமர் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அருள் அண்ணனுக்கு வலது காது கேட்காது. இடது காது மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும். ரிப்போர்ட்டின் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பினேன். அவர் வேலைக்குத் திரும்பவில்லை.