அடுத்தவர் கெண்டைக்கால்

என் வீட்டுக்காரர் டென்னிஸ் விளையாடுகிறவர் என்று சொன்னால் எல்லோரும் ஒரு நிமிடம் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி, "டிவியில வருவாரா?" என்பது. வரமாட்டார். டிவிக்காரர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முந்தைய வாரமே அவர் தோற்றுவிடுவார். பெரிய போட்டிகளில் நேரடியாக இடம் கிடைக்காதவர்கள் முதலில் தகுதிச் சுற்றுகளில் மோதிக்கொள்ள வேண்டும். அதில் கடைசிச் சுற்று வரைக்கும் பிரமாதமாக ஆடிவிட்டு, கரையேறுகிற நேரத்தில் வழுக்கி விழுவது அவர் வழக்கம். பத்திரிகைகள் அவரை ‘அனுபவ வீரர்’ என்று எழுதும். அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டால் ஸ்கோரைப் படிக்க வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து வருகிற மற்ற ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அவர் ‘அண்ணா’. பயிற்சிக்கு எதிரில் நின்று பந்தடிக்க ஆள் வேண்டுமா, அண்ணா. ராக்கெட் நரம்பு அறுந்து போச்சா, அண்ணா. விசாவுக்கு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று கேட்கவும் அண்ணாதான். யாரிடமும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. போகப்போகத்தான் இது ஒரு வியாதி என்று புரிந்தது. நான் பிசியோதெரபிஸ்ட். மடங்காத முழங்கையை மடக்கியிருக்கிறேன், நிமிராத முதுகை நிமிர்த்தியிருக்கிறேன். ‘வேண்டாம்’ என்று சொல்ல வராத நாக்குக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை.

இந்த வருடமும் அதே கதைதான். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றார். ஆனால் டென்னிஸில் தோற்றவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு. அப்படிக் கடைசியில் தோற்றவர்கள் தினமும் காலையில் நடுவர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷூ லேஸ் கட்டித் தயாராக உட்கார்ந்திருக்கலாம். முதல் சுற்றில் ஆட வேண்டிய யாராவது உடம்பு முடியாமல் விலகினால், வரிசையில் முதலில் இருப்பவருக்கு அந்த இடம். ஒரே ஒரு நிபந்தனை, முதல் பந்து போடுவதற்கு முன்பே விலக வேண்டும். பந்து போட்ட பிறகு காலே உடைந்தாலும் அந்த இடம் யாருக்கும் போகாது. இந்த முறை வரிசையின் முதல் ஆள் என் வீட்டுக்காரர்.

சிறு வயதிலிருந்து அவர் கேட்டதெல்லாம் பெரிய போட்டியின் முதல் சுற்றில் ஒரு ஆட்டம். ஜெயிக்கக்கூட வேண்டாம், ஆடினால் போதும். இந்த வருடத்தோடு அதுவும் முடிந்தது. அவருடைய முழங்கால் இனி தாங்காது என்று நானே பரிசோதித்துச் சொல்லிவிட்டேன். இதுதான் கடைசி என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

ஆக, நாங்கள் அடுத்தவர் காலை நம்பி உட்கார்ந்தோம். நல்ல மனிதர்கள் கெட்டுப்போக இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆட்டக்காரர்கள் சாப்பிடுகிற கூடத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, யார் தட்டோடு நடந்து வந்தாலும் நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். யாராவது கொஞ்சம் சாய்ந்து நடந்தால் என் மனசு குதித்தது. பக்கத்தில் வந்த பிறகு, புது ஷூ கடிக்கிறது என்று தெரிந்தால் சப்பென்று ஆகிவிடும். ஊரிலிருந்து என் மாமியார் தினமும் போன் செய்தார்.

"ஏம்மா, இன்னிக்காவது யாருக்காச்சும் எதாச்சும் ஆச்சா?"

"இல்ல அத்தை. எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க."

"பெரிசா ஒண்ணும் வேணாம்மா. பாவம், அதுங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே. ஒரு சின்னக் காய்ச்சல், ரெண்டு நாள்ல சரியாப் போற மாதிரி. அவ்வளவுதான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

முதல் சுற்றில் இந்தியாவுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். பத்திரிகைகள் அவனைச் ‘சூறாவளி’ என்று எழுதின. நாட்டில் பாதிப் பேர் அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம், அந்தச் சூறாவளி எங்கள் வாடகை வீட்டுப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. கூடவே கோட்டும் கழுத்து அட்டையுமாக டென்னிஸ் சங்கத்தின் செயலாளர். அவருக்குப் பின்னால் அவருடைய மச்சான். சங்கத்தின் செலவில் ஒரு பிசியோ வந்திருக்க வேண்டும். அந்த டிக்கெட்டில் மச்சான் வந்திருந்தார். அவருக்கு ஊரில் டைல்ஸ் வியாபாரம்.

"அண்ணி, யாருக்கும் தெரிய வேணாம். காலை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு டேப் மட்டும் போட்டு விடுங்க, போதும்" என்றான் பையன்.

போட்டி நடத்துகிறவர்களே மைதானத்தில் நல்ல பிசியோக்களை வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் விஷயம் எதிராளியின் காதுக்குப் போய்விடுமாம். செயலாளர் கண்டுபிடித்த ராஜதந்திரம் இது. எங்கள் வீட்டுக்குக் கீழே சலவைக்கடை. நாலு இயந்திரங்களும் ஓடினால் எங்கள் சாப்பாட்டு மேசை நடுங்கும். அந்த நடுங்கும் மேசை மேல் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தேன். தசையின் உட்பக்கம் விரல் பட்டதும் துள்ளினான். எழுப்பி நிறுத்தி, அந்த ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. தசை கிழிந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை ஏன் மறைக்க வேண்டும்? நெஞ்சுக்குள் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடியே அது அணைந்தது. இந்தக் காலோடு இவன் ஆடக்கூடாது என்பது சத்தியமான உண்மை. அந்த உண்மையைச் சொல்ல உலகத்திலேயே தகுதி இல்லாத ஒரே பிசியோ நான்.

சொன்னேன். "கிழிஞ்சிருக்குப்பா. ஆடினா இன்னும் கிழியும். அப்புறம் இந்த வருஷமே போயிடும். ஆடாதே."

செயலாளர் சிரித்தார். "ஏம்மா, வெளியே காத்திருக்கிற வரிசையில மொதல் பேரு யாருதுன்னு எங்களுக்கும் தெரியும்."

"தசைக்கு அந்த வரிசையெல்லாம் தெரியாது சார். நம்பலைன்னா மைதானத்து பிசியோகிட்ட காட்டுங்க."

"எதுக்கு? நாளைக்கு மந்திரியே ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளி வெச்சுட்டு டிவி முன்னாடி உக்காரப் போறாரு. ஒரு சுளுக்குக்கு ஊரைக் கூட்டச் சொல்றீங்களா? என்ன மச்சான்?"

சுளுக்குதான் என்று டைல்ஸ் வியாபாரி தலையாட்டினார். வைத்தியக் குழு ஏகமனதாக முடிவெடுத்துவிட்டது.

பையன் என்னையும் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. அறை மூலையில் ராக்கெட் கைப்பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா. நான் என்ன செய்யட்டும்?"

சலவை இயந்திரம்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. சொல்லுங்க, சொல்லுங்க என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் சுற்றிய துணியைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

"உன் உடம்பு உனக்குத்தான் தெரியும் தம்பி" என்றார். "ஆடணும்னு தோணுச்சுன்னா... ஆடு."

செயலாளர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுதான் சார் பெருந்தன்மை!" என்றார். நான் டேப்பை எடுத்து ஒட்டினேன். நான் ஒட்டாவிட்டால் மச்சான் ஒட்டியிருப்பார்.

அவர்கள் போனதும் என் பொறுமையும் போனது. "ஏங்க, வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"நான் எப்படிம்மா சொல்றது?"

"உண்மைதானே?"

"உண்மைதான். என் வாயிலேர்ந்து வந்தா அது பொய்யாத்தான் கேக்கும். அவன் இடத்துக்கு ஆசைப்பட்டேன்னு ஊரு பேசும்."

"ஆசைப்படலையா நீங்க?"

அவர் ராக்கெட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். நான் மிச்ச டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

மறுநாள் முதல் சுற்றின் கடைசி ஆட்டம் அவனுடையதுதான். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார், ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். பார்ப்பவர்களுக்கு அவர் தம்பியின் ஆட்டத்தைப் பார்க்க வந்த அண்ணன். நான் மட்டும் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் பந்தடித்துப் பழகும்போது பையன் ஒரு தரம் குனிந்து கெண்டைக்காலைத் தொட்டான். இவர் விரல்கள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தன. இன்னும் நேரம் இருந்தது. அவன் நடுவரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் கோட்டுக்குப் போனான், பந்தை மேலே போட்டான், அடித்தான். இவர் விரல்கள் மெல்ல விட்டுவிட்டன.

மூன்றாவது கேமில் ஒரு பந்துக்காக வலைப்பக்கம் ஓடியவன் பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கவில்லை. சக்கர நாற்காலி வந்தது. செயலாளர் வாசலிலேயே பத்திரிகைக்காரர்களை நிறுத்தி, "நாட்டுக்காகக் காலையே குடுத்திருக்கான்" என்று பேட்டி கொடுத்தார். எதிராளி வலையோரம் ராக்கெட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். இந்தியா வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. எங்கள் வரிசைக்கு அந்த இடத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

சிகிச்சை அறையில் பையன் காலில் ஐஸ் பையோடு படுத்திருந்தான். பக்கத்தில் மைதானத்து டாக்டர் நின்றிருந்தார். நான் சொன்னதை அவரும் சொல்லி முடித்திருந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் பையனுக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்களுக்கு ஆட எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும்ணா. நீங்களே ஆடுன்னு சொன்னதாலதான் காலு பரவாயில்லை போலன்னு நெனச்சேன். நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேன். அண்ணி சொன்னாக்கூட சந்தேகம் வரும். உங்களைப் போய் நான் சந்தேகப்படுவேனாண்ணா?"

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஊர் என்ன பேசும் என்று பயந்தாரே, அந்த ஊரில் அவரை நம்பியிருந்த ஒருவன் அங்கே படுத்திருந்தான். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்து, பாவமாகிவிட்டது. இரண்டு பேரின் வருஷமும் எங்கள் வீட்டு நடுங்கும் மேசையோடு போனது.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது மாமியாரின் போன் வந்தது. நான் எடுத்தேன்.

"ஏம்மா, டிவியில பாத்தேன், பாவம் அந்தப் பையன்! அப்போ நம்ம பிள்ளைக்கு அந்த இடம்தானே? எத்தனை மணிக்கு ஆடுறான்?"

போனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் காதில் வைத்தார். மறு கையால் லேஸை உருவி, ஷூவைக் கழற்றினார்.

"இல்லம்மா" என்றார் கடைசியில்.