வாயில் திணித்த லட்டு

என் இரண்டு வயது மகளுக்குப் பிறவியிலேயே தலசீமியா என்ற ரத்த நோய். மாதந்தோறும் தருமபுரி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும். என் கணவர் என் சொந்த அத்தை மகன். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் பழுதான ஜீன் ஒண்ணொண்ணு மறைஞ்சிருக்கு. ஒண்ணு மட்டும் இருந்தா நோவு தெரியாது. ரெண்டும் சேர்ந்து வந்ததால பாப்பாவுக்கு வந்துடுச்சு" என்று டாக்டர் சொன்னபோது அத்தையும் பக்கத்தில்தான் நின்றார்.

போன மாதம் மகளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அரூரிலிருந்து வந்த அத்தை என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார்.

"உன் தம்பிக்கும் நம்ம கவிதாவுக்கும் பூ வெக்க நாள் குறிச்சாச்சு. காடு கழனியும் வெளிய போவாது, சொந்தமும் வுட்டுப் போவாது!"

கவிதா என் கணவரின் தங்கை. அத்தைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அத்தை, முதல்ல ரெண்டு பேருக்கும் ரத்தம் சோதிச்சுப் பாக்கலாங்க" என்றேன், லட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

"வாய மூடு. கட்டிக்கப் போற பொண்ணுக்கு ரத்தம் சோதிச்சாங்கன்னா ஊரு என்ன பேசும்? உன் வயித்து ராசிக்கு என் பொண்ணு என்ன பண்ணுவா?"

நெய் வாசனை குமட்டியது. பெரியவர் கொடுத்ததைத் துப்பலாமா என்று அப்போதும் தயங்கினேன். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன மகளின் கையைப் பார்த்தேன். அத்தையின் கண்ணெதிரிலேயே லட்டைக் குப்பைத் தொட்டியில் துப்பினேன்.

"அண்ணி, அந்த டெஸ்ட்டு எந்த ரூம்லங்க எடுப்பாங்க?" என்றாள் கவிதா.

அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அப்படித் துப்பியிருக்க வேண்டாமோ என்று சில சமயம் தோன்றும். உடனே அந்த நெய் வாசனையும் நினைவுக்கு வந்துவிடும்.