சந்தனம் வைத்த பெட்டி

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு ரெக்கார்டர் பெட்டி இருக்கிறது. செட்டாப் பாக்ஸ்தான், ஆனால் நிகழ்ச்சிகளைப் பதிந்தும் வைத்துக்கொள்ளும். சமையல் நிகழ்ச்சிகளாகப் பதிந்து தள்ளியிருக்கிறேன், ஒன்றையும் சமைத்ததில்லை. உருப்படியாகப் பதிந்தது ஒன்றே ஒன்று: அண்ணன் மகள் ஆடிய ஹாக்கி இறுதிப் போட்டி.

அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வீடு கயத்தாறு பக்கம். பயிற்சிக்கு வசதியாக இருக்கட்டும் என்று மகளைக் கோவில்பட்டியில் எங்களிடம் விட்டிருக்கிறார். ஆனால் அவள் ஆடி ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அவள் மைதானத்தில் நிற்கும் நேரம் அவர் நாக்பூரைத் தாண்டி எங்காவது போய்க்கொண்டிருப்பார். கைப்பேசியில் கிடைத்ததெல்லாம் கோல் விழுந்த துணுக்குகள். இவளோ கோல் கீப்பர். அந்தத் துணுக்குகளில் பிள்ளை கீழே விழுந்து கிடப்பதுதான் தெரியும். அதைப் போய் பெற்ற அப்பனுக்கு அனுப்புவார்களா?

ஆயுத பூஜைக்கு லாரி ஓடாது என்பதால் அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, "இப்பவே போட்டுக் காட்டட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

"பூஜைக்கு வைக்கிற சாமானை நாளைக்குத்தான் எடுக்கணும் ஏட்டி. நான் என்ன, லாரியை எடுத்துக்கிட்டா ஓடுதேன்?" என்றுவிட்டார்.

பொட்டு வைக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். லாரியின் முகப்புக்குச் சந்தனம் அப்பிப் பழகிய கை. ஃபிரிட்ஜ், மிக்ஸி, தையல் மெஷின், இந்தப் பெட்டி எல்லாவற்றுக்கும் அதே தாராளம்.

மறுநாள் மதியத்துக்குள் அவர் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக் கிளம்ப வேண்டும். காலையிலேயே குளித்து, சட்டை மாற்றி, டிவி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சுவிட்சைப் போட்டேன். பெட்டியில் சிவப்பு விளக்கு வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது. டிவியில் ஒன்றும் இல்லை. பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுச் செருகினேன். வேறு பாயிண்டில் போட்டேன். பக்கத்து வீட்டு அடாப்டரை வாங்கிவந்து மாட்டினேன். அதே கண்சிமிட்டல்.

கேபிள்காரருக்குப் போன் போட்டேன். "ஹார்ட் டிஸ்க் போயிருக்கும்க்கா. வேற பெட்டி தாரேன்."

"அதுல பதிஞ்சு வச்சது?"

"அது போனது போனதுதான்க்கா."

இவர் எதற்கும் இதைத்தான் சொல்வார். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் வேறு பெட்டிதான்.

அண்ணன் எழுந்தார். "விடு ஏட்டி. அடுத்த வட்டம் பாத்துக்கிடலாம்." பெட்டியையே மாற்றிவிட்டால் அடுத்த தடவை எதைப் பார்ப்பது? மகள் அப்பாவின் துண்டை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு அழுகை முட்டியது. அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். பெட்டியை வெடுக்கென்று பிடுங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

முன்பக்கம் சந்தனம் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தடவினேன். ஆன் பண்ணுகிற பட்டன் அந்தப் பொருக்குக்கு அடியில் உள்ளே போய் மாட்டிக்கொண்டிருந்தது. யாரோ விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்துப் பெட்டி பாவம் எழுந்திருப்பதும் படுப்பதுமாக இருந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, தையல் ஊசியால் இடுக்கைச் சுற்றிச் சுரண்டினேன். பட்டன் டப்பென்று வெளியே வந்தது.

"ஒங்க சந்தனம்தாண்ணே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் பாக்க முடியுமாட்டி?" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

பெட்டி உயிர் பெற்றது. பதிவும் பத்திரமாக இருந்தது. ஆட்டம் ஓட ஆரம்பித்து வெகுநேரம் திரையைத் துழாவிக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "இதுல நம்ம பிள்ளை எங்கன நிக்கா?"

"யப்பா, அந்தா, கோல்கிட்ட நிக்குதேன்லா," என்றாள் அவள்.

தலைக்கவசம், கம்பி போட்ட முகமூடி, காலில் தலையணை போல இரண்டு பட்டைகள். "மொகமே தெரியலயே," என்றார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. இத்தனை பாடுபட்டு இதைக் காட்டவா என்றிருந்தது.

அவர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். லோடு ஏற்றும் இடத்திலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. தோற்றுப்போன ஆட்டம் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் எதிரணிப் பிள்ளைகள் பந்தோடு கோலை நோக்கி வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. பிரேக் பிடிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மகள் அதற்கு முன்பே கவனித்துவிட்டாள். டிவியை விட்டுவிட்டு அப்பாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.