கொழுந்து மலைக்குப் போன வளவுக் கோழிகள்

வேனிலிருந்து முதலில் வாப்பா இறங்கினார். பிறகு உம்மா, என் மூத்த சகோதரி ராத்தா, வாடகை வேனை ஓட்டிவந்த ராத்தாவின் கணவர். எல்லாருக்கும் பிறகு ஓர் ஓலைக்கூடை இறங்கியது. அதற்குள் எங்கள் வீட்டு வளவில் வளர்ந்த மூன்று கோழிகளும் ஒரு சேவலும். என் அண்ணன், எங்கள் காக்கா, மட்டும் வரவில்லை. இறக்காமத்து வயலில் சூடடித்த நெல் இன்னும் களத்திலேயே கிடந்ததால், யானைக்குப் பயந்து அவர் காவலுக்கு நின்றுவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். எண்பதுகள் தொடங்கிய நேரம். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து ஒரு வருடமாகியிருந்தது. கல்முனையிலிருந்து என்னைப் பார்க்க வீட்டார் மலையேறியது அதுதான் முதல் தடவை.

உம்மா இரண்டு சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திருந்தார். பாதையோரத் தோட்டத்தில் கோவா இலைக்குள் இலை சுருண்டு, உருண்டு திரண்டு கிடந்ததைப் பார்த்து, "அல்லாஹ்வே, ஒவ்வொண்டும் புள்ளட தல மாதிரி" என்றார். வாப்பாவுக்கு அந்தச் சரிவுகள் பிடிக்கவில்லை. தேயிலைக்கு நடுவில் நின்று செருப்பால் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"தண்ணி நிக்காத நிலத்தில என்ன வெள்ளாம மகன்?"

"இது தேயில வாப்பா. தண்ணி நிண்டாத்தான் கெட்டுப்போகும்."

"ம்" என்றவர், வந்த காரியத்தையும் அங்கேயே சொல்லிவிட்டார். "உன்னை வெச்சுப் பார்த்த பள்ளிக்கூட அதிபருக்கு நாளைக்கு நம்மட வளவுக் கோழி அறுத்து, நம்மட அரிசில சோறாக்கி ஒரு விருந்து. முடிஞ்சதும் நீயும் வேன்ல ஏறு. காக்கா தனிய ஏலாம நிக்கான்."

எனக்கு வாப்பாவை எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லை. ஆனால் அந்த வகுப்பறையை விட்டுப் போகவும் மனம் வரவில்லை.

நகரத்தில் நம்மவர்களின் இறைச்சிக் கடை இருக்கிறது என்று நான் முன்பே சொல்லியனுப்பியிருந்தேன். வாப்பா நம்பவில்லை. தான் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அவருக்குத் திருப்தி. அதனால்தான் கோழிகள் உயிரோடு மலையேறி வந்தன. கடற்கரைச் சூட்டில் மணல் கிளறித் திரிந்தவை அவை. வெயில் இறங்கியதும் மலைக்குளிர் அவற்றைப் பிடித்துக்கொண்டது. சேவல் கண்ணை மூடிக் கழுத்தைத் தொங்கப்போட்டது.

"சேவலுக்கும் ஒரு கம்பளி வாங்குவமா மாமா?" என்று ராத்தாவின் கணவர் சிரித்தார்.

"சிரிக்காத! அறுக்க முந்தி மவுத்தாகினா ஒண்டுக்கும் ஆகா. வெறுஞ்சோத்தையா அதிபருக்குக் குடுக்கிற?" வாப்பா தன் சால்வையால் சேவலைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தவர் இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். அவருடைய மகள் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். "பெரியவரே, கூடையத் தூக்கிக்கிட்டு வாங்க. நம்ம அடுப்படியில வச்சா எந்திரிச்சிருமுங்க" என்றார்.

கூடையோடு எல்லாரும் தொழிற்சாலைக்குப் போனோம்; அவருடைய மகளும் கூட வந்தாள். உள்ளே வறுத்த கொழுந்தின் வாசம். அடுப்பின் வெக்கை முகத்தில் அடித்ததும், "இப்பதான் நம்மட ஊருக்கு வந்த மாதிரி" என்று உம்மா கைகளைத் தேய்த்துக்கொண்டார். கூடையையும் சால்வை சுற்றிய சேவலையும் சுவரோரம் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

வாப்பாவின் வாயில் எப்போதும் வெற்றிலை. துப்புவதற்கு மூலை பார்த்தபோது அந்தச் சிறுமி குறுக்கே வந்து நின்றாள்.

"தாத்தா, இங்க துப்பக் கூடாது. எழுதியிருக்கு."

வாப்பா வெற்றிலைச் சாறு சிந்தாமல் அண்ணாந்துகொண்டு, "எங்க? படி பாப்பம்" என்றார்.

அவள் சுவர்ப் பலகையை விரலால் தொட்டு, தடங்கலில்லாமல் படித்தாள்: "இவ்விடத்தில் வெற்றிலை துப்புதல் தடை."

வாப்பா வெளியே போனார். துப்பி, வாய் கொப்பளித்து, நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தார். வந்தவர் அடுத்த பலகையைக் காட்டினார். "இது?" "இயந்திரம் ஓடும்போது கை வைக்க வேண்டாம்." "அது?" "கால்களைக் கழுவிவிட்டு உள்ளே வரவும்." அங்கிருந்த அத்தனை பலகைகளையும் படிக்கவைத்துக் கேட்டார். கைநாட்டு வைத்தே காலம் போக்கிய மனிதர், ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"ஆரு புள்ள இதெல்லாம் படிப்பிச்ச?"

"எங்க சார்தான்" என்று அவள் என்னைக் காட்டினாள்.

விறகை வைத்துவிட்டு அவளுடைய தகப்பன் சொன்னார்: "நம்ம லயத்துல மொத மொத எழுத்துப் படிச்சது இதுதாங்க. சார் வந்த பொறகுதான்."

வாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அரிவி வெட்டுக்கு முந்தி, விளைந்த வயலின் வரம்பில் நின்று அவர் பார்க்கும் பார்வை அது. அந்த நேரம் பார்த்துச் சேவல் சால்வையை உதறிக்கொண்டு எழும்பி, தொழிற்சாலையே அதிரக் கூவியது. உம்மா சிரித்த சிரிப்பில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் மூன்று கோழிகளையும் வாப்பா தன் கையாலேயே அறுத்தார். சேவலை அறுக்கவில்லை, அதை அந்தச் சிறுமியிடம் கொடுத்துவிட்டார். அதிபர் சாப்பிட்டு, இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினார். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது வாப்பா சொன்னார்: "சேர், மகனக் கூட்டிட்டுப் போகத்தான் வந்த. இப்ப உட்டுட்டுப் போறன். யானக் காவலுக்கு ஒரு கூலியாள் பிடிச்சுக்கொள்ளலாம்."

வேன் இறக்கத்தில் வளைந்து மறையும்வரை நான் கை காட்டிக்கொண்டு நின்றேன். முன் ஆசனத்தில் உம்மாவின் மடியில் ஒரு கோவா இருந்தது.

ஊரில் வாப்பா அந்தப் பயணத்தைப் பள்ளிவாசல் முற்றத்திலும் சந்தையிலும் சொல்லித் திரிந்தாராம். "சேர்ட வாப்பா வாறார்" என்று ஆட்கள் கேலி பண்ணினால், "ஓம், சேர்ட வாப்பாதான்" என்று நெஞ்சை நிமிர்த்துவாராம். செலவு எவ்வளவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். வேன் கூலி, வேனுக்கு அடித்த எண்ணெய், உம்மாவுக்கு வாங்கிய கம்பளி, எனக்குப் பதிலாக அடுத்த போகத்துக்குப் பிடித்த காவலாளின் கூலி, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.