வீட்டுப் பிள்ளைக்கு என்ன வரும்?

என் மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியை. எந்தப் பிள்ளைக்கு எது வரும் என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. அவள் வகுப்பில் வாயே திறக்காத ஒருவன், மற்றவர்கள் நடப்பதைப் பார்த்து அப்படியே நடந்து காட்டுவான். போன வருட வாத்தியார் அதற்காகவே அவனை வெளியே நிற்க வைத்தார். இவள் நாடகத்தில் சேர்த்துவிட்டாள். கணக்கில் கோட்டை விடும் சிறுமியிடம் செடிகளை ஒப்படைத்தாள். இப்போது பள்ளிச் சுவர் முழுக்கக் கொடி.

இதெல்லாம் சும்மா வருவதில்லை. பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வரும்போது பாதி உயிர்தான் மிச்சம் இருக்கும். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிவாள். அப்போதும் பெற்றோர் விடமாட்டார்கள். "டீச்சர், என் பையனுக்கு என்ன வரும்னு தெரிஞ்சுதா?" என்று போன் வரும். ஏதோ ஜோசியக்காரியிடம் கேட்பதுபோல! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ சிரித்த குரலில் பதில் சொல்வாள். அந்தக் குரலை எங்கிருந்து எடுக்கிறாளோ தெரியாது.

போன வாரம் அப்படி ஒரு போனைப் பேசி முடித்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு என்னம்மா வரும்?"

"உனக்கென்ன கண்ணு! நல்ல பொண்ணு. அமைதியான பொண்ணு." கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"ஒண்ணுமே தெரியாத பிள்ளையப் பத்திதானே அப்படிச் சொல்லுவ? அன்னைக்கு அப்பாகிட்ட சொல்லிச் சிரிச்சியே!"

உண்மைதான். இன்னும் பிடிபடாத பிள்ளையின் பெற்றோரைச் சமாளிக்க வாத்தியார்கள் கைவசம் வைத்திருக்கும் வாசகம் அது. இவளுக்குப் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். மகளுக்கு எது வரும் என்று எனக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு லீவு போட்டாள். வண்ணங்கள், களிமண், மரக்கட்டைகள் என்று கூடம் முழுக்கப் பரப்பினாள். "செல்லம், இதுல உனக்குப் பிடிச்சதை எடு பார்க்கலாம்" என்றாள், பெற்றோரிடம் பேசும் அதே குரலில்.

மகள் எதையும் தொடவில்லை. "நான் ஒண்ணும் உன் கிளாஸ் பொண்ணு இல்ல."

"அப்போ என்னதான்டி செய்யச் சொல்ற?"

"ஒண்ணும் செய்யாத. சும்மா என்கூட இரு."

சும்மா இருப்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மகள் ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தாள். இவள் உம் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்த உம்மும் நின்றுவிட்டது. நான் எழுப்பப் போனேன்.

"விடுங்கப்பா, பாவம்" என்று சொல்லிவிட்டு மகள் விளையாடப் போய்விட்டாள்.

மாலையில்தான் கண் விழித்தாள். பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தக் கதையில அப்புறம் என்ன ஆச்சு?"

"தெரியலம்மா. நீ தூங்கினதும் நிறுத்திட்டா."