இரண்டாவது முறை கட்டிய பூ

எங்கள் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் வந்தது. தெருவோ இரண்டு. வடக்குத் தெருவில் வைப்பதா, எங்கள் தெற்குத் தெருவில் வைப்பதா என்று பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று முடிவானது.

எனக்கு முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது. மழை பெய்துவிட்டால் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது. இடுப்பில் குடத்தோடு ஊருக்கு வெளியே அடிபம்புக்குப் போய்வருவது எனக்கும் அந்தத் தாய்க்கும்தான் தெரியும். தொட்டி எங்கள் தெருவுக்கு வரவேண்டுமென்று தினமும் விளக்குப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஊரே கோயிலில் கூடியது. பூக்கட்டிப் பார்ப்பது இங்கே வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டால், சின்னப் பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும். வெள்ளை வந்தால் எங்கள் தெரு, சிவப்பு வந்தால் வடக்குத் தெரு. பூசாரிதான் மடித்தார். அவர் எங்களுக்கு அடுத்த வீடு.

பிள்ளை எடுத்ததைப் பிரித்தால் நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று. நான் குலவையே போட்டுவிட்டேன். பூசாரி மட்டும் மற்றப் பொட்டலத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, துன்னூறு குடுங்க."

"இது செல்லாது தங்கச்சி."

பூசாரி அந்தப் பொட்டலத்தையும் பிரித்துச் சிவப்பு அரளியைக் காட்டினார்.

"நந்தியாவட்டை அடுக்குப் பூ. பொட்டலம் உப்பிக்கிட்டு இருக்கு. அரளி தட்டையாக் கெடக்கு. பிள்ளை கை உப்புனதைத்தான தேடும்? எங்க வீட்லயும் கொடம் தூக்குதாவல்லா. அந்த நெனப்புலயே பெரிய பூவா எடுத்துட்டனோ என்னவோ."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அம்மா சொன்னதை மாத்த நீங்க யாரு?"

"அவ சொன்னாளா, நான் சொல்ல வச்சனான்னு எனக்கே தெரியலையே. ஊரு என்னை நம்பில்லா கையில குடுத்துச்சு."

அந்த நேரம் பார்த்து வெளியே ஹாரன் சத்தம். கோவில்பட்டியிலிருந்து பைக்கில் பன்னு விற்க வரும் பாய். பூசாரி அவரைக் கூப்பிட்டார்.

"பாய், இங்கன வாங்க. இந்தப் பூவைக் கொஞ்சம் மடிச்சுக் குடுங்க. ஒங்களுக்கு ரெண்டு தெருவும் ஒண்ணுதான?"

"எதுக்கு அண்ணாச்சி என்னை வம்புல மாட்டுதீங்க? நாளைக்கு ரெண்டு தெருவுலயும் நான் பன்னு விக்கணும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாய் சிரிக்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கேட்டுக் கை கழுவினார். இரண்டு பூவிலும் ஒவ்வொரு இதழ் கிள்ளி, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் மடித்துக் கொண்டுவந்தார். எது எதுவென்று கட்டினவருக்கே தெரியாது போலிருந்தது. அதே பிள்ளைதான் எடுத்தது.

சிவப்பு.

திருநீறு வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் பூசாரி வீட்டுப் பக்கம் முகம் கொடுக்கவே இல்லை.

தொட்டி வடக்குத் தெருவில் வைத்தாயிற்று. அடிபம்பு அளவுக்குத் தூரமில்லை என்றாலும், என் காலுக்கு அதுவும் தூரம்தான். ஒருநாள் வரிசையில் எனக்கு முன்னால் பூசாரி குடத்தோடு நிற்கிறார். பெஞ்சாதிக்குக் காய்ச்சலாம். வடக்குத் தெருப் பெண் ஒருத்தி, "மாமா, முன்னால வாங்க. தொட்டியே ஒங்களாலதான வந்துச்சு" என்று கூப்பிட்டாள்.

"ஏட்டி, அப்படிச் சொல்லாத. நான் அதுல கையே வைக்கலைன்னு ஊருக்கே தெரியும்" என்றவர், நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

இத்தனை வருஷம் அந்தக் கையிலிருந்து திருநீறு வாங்கிப் பூசியிருக்கிறேன், அது எப்பேர்ப்பட்ட கை என்று தெரியாமலே. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

"என்ன தங்கச்சி, யாரைக் கும்பிடுதே?"

"அம்மனைத்தான்."

"கோயில் அங்கனல்லா இருக்கு" என்று எனக்குப் பின்னால் கையைக் காட்டினார்.