தங்கூசியில் போட்ட முடிச்சு

அக்காவை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போகத்தான் அவள் மகன், என் மருமகன், வந்திருந்தான். மச்சான் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ராஜபாளையம் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். இரண்டு தெரு தள்ளி அவள் தம்பி நான். விசா வாங்கியாகிவிட்டது. அக்கா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அங்க வந்து நான் என்னலே செய்ய?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருமகன் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தான். அவன் இருக்கும் ஊரை ஒட்டிய ஆற்றில், தூண்டிலையே தொட்டிராதவர்களை ரப்பர் படகில் ஏற்றி, நாள் முழுக்க நீரோட்டத்தோடு கூட்டிப்போய் மீன் பிடிக்கக் கற்றுத்தருகிறார்கள். டிரவுட், ஸ்டீல்ஹெட் என்று இரண்டு மீன்கள். அம்மாவுக்கும் தனக்கும் இடம் பதிவு செய்திருந்தான். பழகிக்கொள்ள ஒரு தூண்டில் கம்பும் கொண்டுவந்திருந்தான்.

முதல் பாடம் வீட்டிலேயே நடந்தது. தங்கூசி எனும் நைலான் தூண்டில் நரம்பை ஜன்னல் கம்பியில் கட்டி முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு நரம்பை இணைக்க வேண்டுமானால், ஒவ்வொரு முனையையும் மற்றதன் மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்க வேண்டும். அக்கா இரண்டு முறை போட்டுவிட்டு, "இதுக்கு இம்புட்டு நேரமா?" என்று கேட்டாள்.

கேட்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. அவள் பஞ்சு மில்லில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவள். ஓடும் நூல் அறுந்தால் இரு முனையையும் சேர்த்து முடிந்து மறுபடி ஓடவிட வேண்டும். அவள் விரல்கள் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்றாலும் சரியாகப் பார்க்க முடியாது. முடிச்சு எள்ளைவிடச் சிறிதாக இருக்கும். அவள் போட்டது அவிழ்ந்தது என்று மில்லில் யாரும் சொன்னதில்லை.

அடுத்த நாள் காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனோம். மீன் குத்தகைக்காரர் மருமகனோடு பள்ளியில் படித்தவர் என்பதால் அனுமதி கிடைத்தது. அவருடைய பரிசல்காரர் எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டார். மழை விட்டிருந்த நேரம். சீமைக்கருவேல மரங்கள் பாதி மூழ்கி நின்றன.

போகும்போது மருமகன் சொன்னான். "டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே மீனுதாம்மா. ஆத்துலயே இருந்துட்டா டிரவுட்டு. கடலுக்குப் போயிட்டு வந்தா ஸ்டீல்ஹெட்டு."

"போனதெல்லாம் திரும்பி வந்துருமா?"

"எல்லாம் வராது."

அக்கா தண்ணீரைப் பார்த்தாள். பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, "பிடிச்சு எப்படி வப்பாக? குழம்பா, வறுவலா?" என்று கேட்டார்.

"ஆத்துல தானாப் பொறந்து வளந்ததுன்னா திருப்பி விட்டுறணும்ணே. அங்க அது சட்டம்."

"காசும் கட்டி, மீனையும் பிடிச்சு, பொறவு விடுவாகளா? எங்க குத்தகைக்காரர்ட்ட சொல்லிராதீக. படுத்துருவாரு."

அக்கா சிரித்தாள். மச்சான் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

கொஞ்ச நேரத்தில் தூண்டில் முள் கருவேலங்கிளையில் மாட்டி நரம்பு அறுந்தது. மருமகன் பையிலிருந்து முள் கட்டிய வேறொரு துண்டை எடுத்தான். அதற்குள் அக்கா கை நீட்டி வாங்கி இணைத்துவிட்டாள்.

"அம்மா, நான் சொன்ன முடிச்சு..."

"இது நான் போட்ட முடிச்சுலே."

அவன் பையை மூடினான். அந்த விரல்களை நாங்கள் இருவரும் நம்பினோம்.

மண்புழு கோத்துப் போட்டாள். வெயில் ஏறியபோது கம்பு வளைந்தது. "கம்ப நிமித்திப் பிடிம்மா. இழுக்காத. ஓடுனா ஓட விடு. நின்ன பொறவு சுத்து." அவன் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் தப்பாமல் செய்தாள். மீன் பரிசலை ஒரு வட்டம் சுற்றியது. ஒரு தரம் மேலே வந்து பக்கவாட்டில் திரும்பியது. கட்லா. அகலமான வெள்ளை வயிறு தெரிந்தது. பிறகு கம்பு நேரானது.

"அறுத்துட்டுப் போயிருச்சா, யக்கா?" என்றார் பரிசல்காரர்.

அக்கா நரம்பைச் சுற்றி எடுத்து, அதன் முனையைக் கண்ணருகே கொண்டுவந்தாள். அறுந்த முனை நேராக இருக்கும். இது சுருண்டிருந்தது.

"அறுகல. அவுந்துருச்சு."

பஞ்சு நூல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தங்கூசி வழுக்கும். மருமகனுக்கு அது தெரியும். சொல்லவில்லை. கரைக்கு வரும்வரை அவள் அந்த முனையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

காரில் ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடக்கும்போதுதான் கேட்டாள். "அந்த ஆத்துல தண்ணி எம்புட்டு குளுரும்?"

"செத்த நேரம் கைய விட்டா மரத்துரும்மா."

"மரத்த கையில அஞ்சு சுத்து எப்படிப் போட?"

"நான் போட்டுத் தாரேன்."

"வேண்டாம். பழகிக்கிடுதேன்."

நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் போக மாட்டாள் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புறப்படும் நாள் வரை ஜன்னல் கம்பியில் தங்கூசி தொங்கியது. வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். அவள் போன பிறகு ஜன்னலைச் சாத்தப் போனேன். கம்பி நெடுக முடிச்சுகள். கீழே இருந்தவை தளர்ந்திருந்தன. மேலே இருந்தவற்றை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கத்தரிக்காமல் விட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்துப் போனில் பேசினாள். ஆற்றுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள்.

"மீன் பட்டுச்சாக்கா?"

"பட்டுச்சு தம்பி. கடல்ல இருந்து திரும்புனது. தண்ணிக்குள்ளயே வச்சுப் பிடிச்சிருந்துட்டு விட்டுட்டோம்."

"முடிச்சு?"

"நின்னுச்சு," என்றாள். பிறகு ஊரில் மழை உண்டா என்று கேட்டாள். கண்மாய் நிறைந்துவிட்டது என்று சொன்னேன்.